அட்மினுக்கு மட்டும் வந்த ஒரு வரி: 25 வருஷம் கழித்து காலேஜ் வாட்ஸ்அப் குரூப் எதற்கு?

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அனுமந்தன்பட்டி மெயின் ரோட்டில் டீக்கடை முன்னால் நின்று போனைத் திறந்தேன். எங்கள் காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே கொண்டாட்டம். ஒருத்தியின் மகளுக்கு மெடிக்கல் சீட் கிடைத்திருக்கிறது. இன்னொருத்தனுக்குத் தேனியில் புது வீடு, கிரகப்பிரவேசப் பத்திரிகை போட்டிருக்கிறான். ‘வாழ்த்துகள் மாப்ள’ மெசேஜ்கள் கீழே கீழே ஓடுகின்றன.

நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வரி. ஒரு நம்பர் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டதாம். அது என் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது. காரணம், அட்மின் நான்.

‘நம்பர் மாத்தியிருப்பான், அப்புறம் சேர்த்துக்கலாம்’ என்று நினைத்து போனைப் பாக்கெட்டில் போட்டேன். மூன்று வருஷம் உத்தமபாளையம் பஸ்ஸில் என் பக்கத்தில் தொங்கிக்கொண்டு வந்தவனின் நம்பர் அது. நான்கு மாதம் நான் கூப்பிடவே இல்லை.

அந்த நான்கு மாதத்தில் அவனுக்கு என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், இந்த குரூப்கள் ஏன் திடீரென்று உயிர் பெறுகின்றன, இவற்றால் யாருக்கு என்ன பயன், யார் இதில் தொலைந்துபோகிறார்கள் என்று பார்த்துவிடலாம். நீங்கள் 25 வயதுக்காரர் என்றால், உங்கள் அப்பா அம்மா ஏன் ராத்திரி 11 மணிக்கு போனைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கிறார்கள் என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது.

ஏன் 45 வயதுக்கு மேல்தான் இந்தத் தேடல்?

முதல் காரணம் போன். 90களில் கம்பம் பள்ளத்தாக்கில் டிகிரி முடித்தவர்கள் பிரியும்போது கையில் இருந்தது ஓர் ஆட்டோகிராப் நோட்டு மட்டும்தான். அதில் வீட்டு விலாசம் இருக்கும். போன் நம்பர் இருந்தால் பக்கத்தில் ‘பி.பி.’ என்று எழுதியிருக்கும். அது அவர் வீட்டு போன் இல்லை. பக்கத்து வீட்டிலோ தெருமுனைக் கடையிலோ இருக்கும் போன். கூப்பிட்டால் அவர்கள் ஆள் அனுப்பி அழைத்து வருவார்கள்.

இந்தியாவில் செல்போன் சேவை 1995-ல்தான் தொடங்கியது. ஆரம்பத்தில் அழைப்பை எடுத்தாலே காசு. 2003-ல்தான் இன்கமிங் இலவசமானது. நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி நாடு முழுக்க வந்தது 2011 ஜனவரியில். அதற்குள் பலர் நான்கைந்து சிம் மாற்றியிருந்தார்கள். ஒவ்வொரு சிம்முடனும் பத்து நண்பர்கள் காணாமல் போனார்கள்.

பிறகு 2016 வந்தது. வருஷ ஆரம்பத்தில் வாட்ஸ்அப் ஒரு குரூப்பில் 256 பேர் வரை சேரலாம் என்று வரம்பை உயர்த்தியது. செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவை ஏறக்குறைய இலவசமாக்கியது. தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவரும் பெங்களூரில் கோட் எழுதிக்கொண்டிருந்தவரும் ஒரே குரூப்பில் உட்கார முடிந்தது. 2018 அக்டோபரில் சி.பிரேம்குமார் இயக்கிய ‘96’ வெளியானது. அதன் பிறகு எந்த ஊரில் முன்னாள் மாணவர்கள் கூடினாலும் ‘96 பட பாணியில் சந்திப்பு’ என்று செய்தி வர ஆரம்பித்தது.

இரண்டாவது காரணம் வயசு. மனிதர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், 10 முதல் 30 வயது வரை நடந்தவையே அதிகமாக மேலே வருகின்றன. உளவியலில் இது பலமுறை உறுதியான விஷயம். முதல் வேலை, முதல் காதல், முதல் ஊர்ப் பயணம் எல்லாம் அந்தக் காலத்தில் நடப்பதால் அவை அழுத்தமாகப் பதிந்துவிடுகின்றன.

40களின் பிற்பகுதியில் பிள்ளைகள் காலேஜ் போகிறார்கள், பெற்றோர் தளர்கிறார்கள், முதல் சுகர் ரிப்போர்ட் கைக்கு வருகிறது. வாழ்க்கைத் திருப்தி பல நாடுகளில் இந்த வயதில்தான் அடிமட்டத்தைத் தொடுகிறது என்று பொருளாதார அறிஞர்கள் பிளாஞ்ச்ஃப்ளவரும் ஆஸ்வால்டும் எழுதியிருக்கிறார்கள். இதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் ‘நான் யாரா இருந்தேன்’ என்று கேட்கத் தோன்றும் வயசு இது என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

நம்ம ஊரில் ஒரு ஆளைத் தேடுவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

அமெரிக்காவில் பள்ளி, கல்லூரித் தோழர்களைத் தேடவே 1995-ல் ஒரு இணையதளம் வந்துவிட்டது. அங்கே குடும்பப் பெயர் இருக்கிறது. நம்மிடம் இருப்பது இனிஷியல். ‘எஸ்.முருகன்’ என்று ஃபேஸ்புக்கில் தேடிப் பாருங்கள், விடிந்துவிடும்.

பெண்களைத் தேடுவது இன்னும் கஷ்டம். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறுகிறது, ஊர் மாறுகிறது. புரொஃபைல் படத்தில் குழந்தையோ சாமியோ பூவோதான் இருக்கும். எங்கள் வகுப்பில் பெண்களைக் கண்டுபிடிக்க ஆண்களைவிட இரண்டு வருஷம் கூடுதலாக ஆனது. சிலரைக் கண்டுபிடித்த பிறகும், ‘வீட்டில கேட்டுட்டுச் சொல்றேன்பா’ என்பதுதான் பதில். அதில் சிலர் கடைசிவரை சொல்லவே இல்லை.

விலாசமும் கைவிட்டது. ஆட்டோகிராப் நோட்டில் பாதிப் பேர் ‘மதுரை மாவட்டம்’ என்று எழுதியிருந்தார்கள். 1996-ல்தான் தேனி தனி மாவட்டமானது. இந்தப் பள்ளத்தாக்கில் படித்தவர்கள் ஊரிலேயே இருக்கவும் இல்லை. உத்தமபாளையத்தில் 1956-ல் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி போன்ற இடங்கள், வீட்டில் முதல் பட்டதாரிகளை உருவாக்கின. டிகிரி வாங்கியவர்களுக்கு வேலையோ திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் இருந்தது. சிலர் கம்பம் மெட்டு ஏறி, இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களில் கணக்கு எழுதப் போனார்கள்.

கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது இணையம் இல்லை. டீக்கடை, பஸ் கண்டக்டர், திருவிழா, துஷ்டி வீடு. ‘அவன் தங்கச்சியை க.புதுப்பட்டியில கட்டிக்கொடுத்திருக்குப்பா’ என்று ஒரு பெரியவர் சொன்னால் போதும், மூன்று நாளில் நம்பர் வந்துவிடும்.

பழைய நட்பால் உடம்புக்கு நல்லதா?

கிளாஸ்மேட்களின் வாழ்க்கையை உலகத்திலேயே மிக நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. 1938-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 268 மாணவர்களைத் தேர்வு செய்தார்கள். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் எஃப். கென்னடியும் அதில் ஒருவர். பாஸ்டன் நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 456 சிறுவர்களைப் பற்றிய இன்னொரு ஆய்வும் இதோடு சேர்ந்தது. வேலை, கல்யாணம், நோய், குடிப்பழக்கம் என எல்லாவற்றையும் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக் குறித்தார்கள். மருத்துவப் பதிவுகளையும் ரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்தார்கள்.

இதன் நான்காவது இயக்குநர் ராபர்ட் வால்டிங்கர் 2015-ல் ஓர் உரையில் சொன்ன முடிவு பிரபலம். 80 வயதில் யார் ஆரோக்கியமாக இருப்பார் என்பதை 50 வயது கொலஸ்ட்ரால் அளவு சொல்லவில்லை. 50 வயதில் தன் உறவுகளில் எவ்வளவு திருப்தியாக இருந்தார் என்பதே சொன்னது.

ஆரம்பத்தில் இந்த ஆய்வில் இருந்தவர்கள் எல்லோரும் வெள்ளை இன ஆண்கள். நம்ம ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது. உறவு நன்றாக இருப்பதால் ஆரோக்கியமா, ஆரோக்கியமாக இருப்பதால் உறவு நிலைக்கிறதா என்ற கேள்வியும் உண்டு. இன்னொன்று, ஆய்வு சொல்வது உறவின் ஆழத்தைப் பற்றி. குரூப்பில் 180 பேர் இருப்பதும், ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஒருத்தர் இருப்பதும் ஒன்றில்லை.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

1973-ல் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், ‘அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?’ என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் மூலம் வேலை கிடைத்தவர்கள் சுமார் 17 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர் மூலம் கிடைத்தது சுமார் 56 சதவீதம் பேருக்கு. அபூர்வமாகப் பார்ப்பவர் மூலம் சுமார் 28 சதவீதம். அந்த ‘அபூர்வமானவர்கள்’ யார் என்பதற்கு அவர் கொடுத்த உதாரணங்களில் ஒன்று, பழைய காலேஜ் நண்பர்.

காரணம் எளிது. தினமும் பார்ப்பவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரியும். வேறு ஊரில், வேறு தொழிலில் இருப்பவருக்குத்தான் புதுச் செய்தி தெரியும். 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடி பேரை வைத்து இதைச் சோதித்தது. மிக நெருங்கியவரும் அல்ல, முற்றிலும் தூரமானவரும் அல்ல, ஓரளவு தூரத்தில் இருப்பவரே வேலை மாறுவதற்கு அதிகம் உதவினார் என்று கண்டது.

2011-ல் வந்த இன்னோர் ஆய்வு இன்னும் நெருக்கமானது. குறைந்தது மூன்று வருஷமாகப் பேசாத ஒருவரைக் கூப்பிட்டு, வேலையில் உள்ள ஒரு சிக்கலுக்கு ஆலோசனை கேட்கச் சொன்னார்கள். தினமும் பழகுபவர்களின் ஆலோசனையைவிட அதில் புதுமை அதிகம் இருந்தது. பழைய நம்பிக்கையும் அப்படியே இருந்தது. பிரிந்திருந்த காலத்தில் ஆளுக்கொரு உலகத்தைப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்படியென்றால் ஏன் கூப்பிட மாட்டேன் என்கிறோம்? 2024-ல் லாரா அக்னின், ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராம் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதைப் பார்த்தது. பேச ஆசை இருக்கிறது, நம்பர் இருக்கிறது, எழுத நேரமும் கொடுக்கப்படுகிறது. அப்படியும் மெசேஜ் அனுப்பியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். முன்பின் தெரியாதவரிடம் பேசுவதைப் போலவே பழைய நண்பரிடம் பேசவும் தயங்குகிறோம். ‘இத்தனை நாள் கழிச்சு எப்படிக் கூப்பிடறது’ என்ற அதே கூச்சம்தான்.

யார் சத்தமில்லாமல் வெளியே போகிறார்கள்?

குரூப்பில் எது வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். புது கார், பிள்ளையின் மார்க், வெளிநாட்டு டூர், பதவி உயர்வு. யாரும் பொய் சொல்வதில்லை. ஆனால் கடன், விவாகரத்து, வேலை போனது, திராட்சைத் தோட்டம் மழையில் போனது எதுவும் வராது. மற்றவரோடு ஒப்பிட்டே மனிதன் தன்னை அளக்கிறான் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே எழுதினார். ஒரே பெஞ்ச், ஒரே மார்க், ஒரே பஸ். கிளாஸ்மேட்டைவிடச் சரியான அளவுகோல் கிடைக்காது. அதனால்தான் வலிக்கிறது.

முன்பெல்லாம் ஒருவர் குரூப்பை விட்டுப் போனால் எல்லோருக்கும் தெரியும். ‘ஏன்டா போயிட்டான்?’ என்று யாராவது கேட்பார்கள். 2022 ஆகஸ்டில் வாட்ஸ்அப் இதை மாற்றுவதாக அறிவித்தது. இப்போது வெளியேறும் தகவல் அட்மின்களுக்கு மட்டும்தான் போகிறது. தொல்லையான குரூப்பிலிருந்து கௌரவமாக வெளியேற இது நல்ல வசதி. ஆனால் கஷ்டத்தில் இருக்கும் ஒருவர் போவதும் இனி யார் கண்ணிலும் படாது. பார்த்த ஒரே ஆள் அட்மின்தான். அவரும் டீ குடித்துவிட்டுப் போய்விட்டால், முடிந்தது.

பண உதவி கேட்டு மெசேஜ் வந்தால்?

இந்த வயதில் குரூப்புக்கு வரும் மிகப் பெரிய செய்தி நோய். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இந்தியாப் ஆய்வின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேருக்கு மேல். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே நிதி திரட்டும் மெசேஜ் ஒருநாள் உங்கள் குரூப்புக்கும் வரும். அப்போது இந்த வரிசையில் போங்கள்.

முதலில் கூப்பிடுங்கள். மெசேஜ் போதாது, குரலைக் கேளுங்கள். நண்பரின் வாட்ஸ்அப்பைக் கைப்பற்றி ‘அவசரம், உடனே அனுப்பு’ என்று கேட்கும் மோசடி சகஜமாகிவிட்டது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

இரண்டாவது, காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். டயாலிசிஸும் இதில் வருகிறது. அட்டை இல்லாததால் சொந்தப் பணத்தைக் கரைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போடுவதைவிட, அட்டை வாங்க ஒருவர் கூட அலைவது சில நேரம் பெரிய உதவி.

மூன்றாவது, பணம் திரட்டினால் நேராக நோயாளியின் கணக்குக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகட்டும். வரவு செலவை குரூப்பில் போடுங்கள். ஆனால் நோயாளியின் போட்டோவையும் ரிப்போர்ட்டையும் அவர் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள்.

அட்மின்களுக்கு ஒரு பயம் உண்டு. ‘யாராவது தப்பா போஸ்ட் போட்டா என் மேல கேஸ் வருமா?’ 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதைக் கையாண்டது. ஒருவர் வெறும் அட்மின் மட்டுமே, அந்தப் பதிவில் அவருக்கு வேறு பங்கில்லை என்றால், குற்றப்பத்திரிகையில் அவர் பெயரைச் சேர்க்கக் கூடாது என்றது. சட்டத்தில் அட்மினின் பொறுப்பு அந்த அளவுதான்.

இப்போது 25 வயதா? இதைச் செய்து வையுங்கள்

உங்களுக்கு எல்லாம் கையில் இருக்கிறது என்று நினைப்பீர்கள். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அவர்கள் ஆர்குட்டில் எழுதி வைத்த ‘டெஸ்டிமோனியல்’ எல்லாம் 2014 செப்டம்பரோடு ஆர்குட் மூடியபோது போனது. ஆகவே:

• வகுப்பில் உள்ள எல்லோரின் பெயர், ஊர், நம்பர், வீட்டில் ஒருவரின் நம்பர் ஆகியவற்றை ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். கேட்டு, சம்மதம் வாங்கி எழுதுங்கள்.

• குரூப்புக்கு ஒரு பெண் அட்மினாவது இருக்கட்டும். பெண்கள் தங்குவதும் பேசுவதும் அதனால் கூடும்.

• பிறந்த நாளுக்கு ஸ்டிக்கர் போடுவதற்குப் பதில், வருஷத்தில் ஒருநாள் கூப்பிடுங்கள்.

• யாராவது வெளியேறினால் அன்றைக்கே அட்மின் ஒரு போன் போடட்டும். ‘ஏன் போன?’ என்று கேட்க வேண்டாம். ‘எப்படி இருக்க?’ போதும்.

அந்த நான்கு மாதம்

பங்குனியில் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் அவன் மைத்துனரைப் பார்த்தேன். ‘உங்களுக்குத் தெரியாதா? வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ்’ என்றார். எனக்குக் கால் நகரவில்லை. அன்று சாயங்காலமே போனேன்.

ஆள் பாதியாகியிருந்தான். இடது கையில் கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, ‘வா மாப்ள, டீ சாப்பிடுறியா?’ என்றான். அவனுக்குத் தண்ணீர்கூட அளந்துதான் கொடுக்கிறார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ‘எல்லாரும் நல்ல செய்தி போட்டுக்கிட்டிருக்கீங்க. நடுவுல நான் என்னத்தப் போடுறது?’ என்றான். கொஞ்ச நேரம் கழித்து, ‘நீ ஒருத்தன் கூப்பிடுவன்னு நெனச்சேன். கூப்பிட்டிருந்தா சொல்லியிருப்பேன்’ என்றான். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

காப்பீட்டு அட்டை அவனிடம் முன்பே இருந்தது. பணம் வேண்டாம் என்றுவிட்டான். வேண்டியது, க.விலக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்வரத் துணை. மனைவி கூலிக்குப் போகாவிட்டால் வீடு நடக்காது. இப்போது எங்களில் ஊரில் இருக்கும் ஏழு பேர் முறை வைத்துப் போகிறோம். என் முறை வியாழக்கிழமை.

குரூப்பில் அவன் திரும்பச் சேரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. போன வியாழன் பஸ்ஸில் ஜன்னல் ஓர சீட்டை அவனுக்குக் கொடுத்தேன். ‘அப்பல்லாம் இந்த சீட்டுக்கு எவ்வளவு சண்டை போட்டோம்!’ என்றான். வீரபாண்டி தாண்டும்போது தூங்கிவிட்டான்.